காற்றால் இறுகும் ஷூ: ரீபாக் இன்ஸ்டாபம்ப் ஃப்யூரியை எடைபோடுவது எப்படி

ரீபாக் இன்ஸ்டாபம்ப் ஃப்யூரி கடைக்கு வந்தது 1994-இல். முன்பின் தெரியாத ஒருவரிடம் இன்று காட்டினால் அடுத்த வருஷத்து மாடல் என்றுதான் நினைப்பார். லேஸ் கிடையாது. லேஸ் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரம்பும் பை. நாக்கின் மேல், அதாவது பாதத்தின் மேற்புறத்தை மூடும் பட்டையின் மேல், கட்டைவிரலால் அமுக்குவதற்கு ஒரு வட்டமான பம்ப். சோல் இரண்டு துண்டு: குதிகாலுக்கு ஒன்று, முன்பாதத்துக்கு ஒன்று. நடுவில் வெறும் இடைவெளி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கார்பன் ஃபைபர் கலந்த ஒரு தகடு. முதலில் வந்த நிறங்கள் எலுமிச்சை மஞ்சள், சிவப்பு, கறுப்பு. வடிவமைத்தவர் ஸ்டீவன் ஸ்மித்.

இந்த மாதிரி ஷூவைப் பார்த்ததும் சிலர் மயங்கி, அளவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் போட்டுப் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்பும் காலைக் கேட்பதில்லை. எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் இருக்கும் எந்த ஷூவிடமும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கண்ணுக்கு விநோதமாகத் தெரிகிற ஒவ்வொரு பாகமும் காலுக்கு என்ன வேலை செய்கிறது? வேலை செய்கிற பாகம் எத்தனை வருஷமானாலும் பார்க்கச் சகிக்கும். வேலையில்லாமல் ஒட்டவைத்த பாகம் அடுத்த சீசனிலேயே பழசாகிவிடும். ஃப்யூரி முப்பது வருஷமாகப் பழசாகாமல் இருப்பதற்குக் காரணம், அதில் விநோதமான பாகங்களில் பெரும்பாலானவை வேலைக்காரப் பாகங்கள். ஆனால் அவை எல்லாக் காலுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

காற்றுப் பையின் கதை 1989-இல் தொடங்குகிறது. அந்த வருஷம் ரீபாக் தன் முதல் பம்ப் கூடைப்பந்து ஷூவை வெளியிட்டது. அதே வருஷம் நைக்கியும் ஏர் பிரெஷர் என்று ஒன்றை விட்டது. அதற்குக் காற்றடிக்கத் தனியாக ஒரு கைப்பம்பைச் சுமக்க வேண்டும். ரீபாக் பம்பை நாக்கிலேயே பதித்துவிட்டது, அதனால் நிலைத்தது. 1991-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டங்க் போட்டியில் (தாவிப் பந்தைக் கூடைக்குள் அழுத்திப் போடும் போட்டி) டீ பிரவுன் என்ற ஆட்டக்காரர் பந்தைத் தொடும் முன் குனிந்து தன் ஷூவைப் பம்ப் செய்தார், போட்டியையும் வென்றார். ஆனாலும் அந்தக் காலத்து பம்ப் ஷூக்களில் லேஸும் இருந்தது, தோலும் இருந்தது, இவற்றோடு பையும் இருந்தது. பை கூடுதல் சுமைதான். ஸ்மித் செய்த துணிச்சல், பையை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கழித்தது. பையே மேல்பாகம் ஆனது. பாதத்தின் வளைவுக்குக் கீழே தரையைத் தொடாத ஃபோம் எதற்கு என்று அதையும் வெட்டி எடுத்தார். ஆகவே அந்த இடைவெளி அலங்காரம் இல்லை, எடைக் குறைப்பு.

தோற்றத்தை எடைபோடும்போது படத்தை நம்பக் கூடாது. கம்பெனிகள் படம் எடுக்கப் பயன்படுத்தும் மாதிரி ஷூ பெரும்பாலும் ஆண்களுக்கான யு.எஸ். 9 அளவு, அதாவது யு.கே. 8. கேமராவைத் தரையளவில் வைத்துப் பக்கவாட்டில் எடுப்பார்கள். யு.கே. 11 போடுகிறவருக்கு அதே ஷூ நீண்டு, நடு இடைவெளி அகன்று, மூக்கு நீளமாகத் தெரியும். யு.கே. 5 போடுகிறவருக்கு பம்ப் உருண்டை ஷூவின் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். ஆக, உங்கள் அளவில் உள்ள ஜோடியைப் போட்டு, முழு உயரக் கண்ணாடியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அடுத்தவர் உங்களைப் பார்க்கும் தூரம் அது. பிறகு நேராகக் குனிந்து பாருங்கள். ஒரு நாளில் உங்கள் ஷூவை நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் கோணம் இதுதான். ஃப்யூரியின் பலம் பக்கவாட்டிலும் மேலிருந்தும் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் சோல் கனமாகத் தெரியும்.

பேன்ட் விஷயம் பலர் நினைப்பதைவிட முக்கியம். இந்த ஷூவின் முகம் அதன் நாக்கிலும் பம்பிலும் இருக்கிறது. தரையைத் துடைக்கும் அகலமான பேன்ட் அதை மூடிவிட்டால், வெளியே தெரிவது மூக்கு மட்டும். ஷூ வெறும் பளபள மூக்காக நிற்கும். கணுக்காலில் முடிகிற நேர் பேன்ட், அல்லது கீழே லேசாகக் குறுகும் பேன்ட் பொருந்தும். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். கால் குச்சியாகி ஷூ மட்டும் ஊதித் தெரியும். மஞ்சள்-சிவப்பு ஜோடியோடு மற்ற உடை முழுவதும் ஒரே அடக்கமான நிறமாக இருப்பது நல்லது. முழுக் கறுப்பு ஜோடியில் வடிவம் மட்டும் பேசும். என் கணிப்பில் முதன்முறை வாங்குகிறவருக்கு அதுவே சரியான தேர்வு, ஏனென்றால் நிறத்தில் சலிப்பு வந்தாலும் வடிவத்தில் வராது.

இனி அளவு. லேஸ் உள்ள ஷூவில் சின்னத் தவறை லேஸ் சரிக்கட்டிவிடும். இங்கே அந்த வசதி இல்லை. பம்ப் காலின் மேலும் பக்கங்களிலும்தான் இறுக்கும்; நீளத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே நீளத்தை முதலிலேயே சரியாகப் பிடிக்க வேண்டும். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளைச் சுவரை ஒட்டி வைத்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாக வரும். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். பலருக்கு அது கட்டைவிரல் இல்லை, இரண்டாவது விரல். இரண்டு காலையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுங்கள். அதோடு 8 முதல் 12 மில்லிமீட்டர் சேர்த்தால் ஷூவுக்குள் தேவைப்படும் நீளம் வரும்.

அளவு எண்களில் ஒரு பொறி இருக்கிறது. நைக்கியில் யு.கே. 8 என்பது யு.எஸ். 9, ஷூவில் 27 செ.மீ. என்று போட்டிருக்கும். அடிடாஸில் யு.எஸ். 9 என்பது யு.கே. 8.5, அதற்கும் 27 செ.மீ. அப்படியானால் அடிடாஸின் யு.கே. 8 வெறும் 26.5 செ.மீ. "எனக்கு யு.கே. 8" என்று கம்பெனியை மாற்றி ஆர்டர் செய்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். லேபிளில் உள்ள செ.மீ. எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். யு.கே. அளவில் ஒரு முழு எண்ணுக்கு 8.5 மி.மீ. அளவுக்கு வித்தியாசம், அரை எண்ணுக்கு அதில் பாதி. ஃப்யூரி உள்ளே ஒடுக்கம், மூக்கும் கொஞ்சம் குறுகல். பெரும்பாலானோர் வழக்கமான ரீபாக் அளவிலிருந்து அரை எண் ஏற்றி எடுப்பது பொருத்தமாக இருக்கும். அகலக் கால் உள்ளவர் ஒரு முழு எண் ஏற்றினால் அகலம் கிடைக்கலாம், ஆனால் அப்போது இன்னொரு சிக்கல் வருகிறது. அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பாதம் மடங்கும் இடம் ஒன்று உண்டு: கட்டைவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பு மூட்டு. ஷூவும் அதே இடத்தில் மடங்க வேண்டும். குதிகாலிலிருந்து அந்த மூட்டுவரை உள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மொத்த நீளம் உள்ள இருவரில் ஒருவருக்கு விரல்கள் நீளம், இன்னொருவருக்கு விரல்கள் குட்டை. 1920-களில் அமெரிக்காவின் சிராகியூஸ் நகரத்து சார்லஸ் பிரானாக் உருவாக்கிய கால் அளவுக் கருவி இந்த மூட்டு நீளத்தையும் தனியாக அளப்பதற்குக் காரணம் அதுதான். சாதாரண ஷூவில் மூட்டு 5 மி.மீ. தள்ளி விழுந்தால் ஃபோம் நெளிந்து கொடுத்துவிடும். ஃப்யூரியில் முன் துண்டு தொடங்கும் இடம்வரை தகடு இருக்கிறது. தகடு மடங்காது, மடங்கவும் கூடாது. மூட்டு தகட்டின் விளிம்புக்கு மேல் விழுந்தால் ஒவ்வொரு அடிக்கும் அந்த விளிம்பு உள்ளங்காலில் உறுத்தும். அகலத்துக்காக ஒரு எண் ஏற்றி எடுத்தவருக்கு மடங்கும் இடம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. ஷூ கடிக்காது, ஆனால் நடை கட்டையாகும், அரை நாளில் உள்ளங்கால் களைத்துப்போகும். "இது ஏன் அசௌகரியமாக இருக்கிறது என்றே தெரியவில்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்கும் காரணம் இதுவாக இருக்கும்.

சோதிப்பது எளிது. ஷூவைப் போட்டு, விரல்களை ஊன்றி, குதிகாலை மெதுவாகத் தூக்குங்கள். ஷூவின் மேல் விழும் மடிப்பும் உங்கள் மூட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மடிப்பு விரல்களுக்கு மேல் விழுந்தால் ஷூ பெரிது. பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்து இரு முனைகளையும் மடக்கிப் பாருங்கள். முன்பகுதி மடங்கி நடுப்பகுதி விறைப்பாக நின்றால் தகடு தன் வேலையைச் செய்கிறது. பழைய ஜோடியில் நடுவே மடங்கினால் தகட்டில் விரிசலோ, ஒட்டு விட்டதோ இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

இப்போது பம்ப். பெரும்பாலானோர் ஷூவைக் காலில் மாட்டியதும் அமுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வரிசை வேறு. முதலில் வெளியேற்றும் வால்வை அழுத்திப் பிடித்துக் காற்று முழுவதையும் விடுங்கள். பையைக் கையால் தட்டையாக அமுக்கி மிச்சத்தையும் விடுங்கள். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்துக் காலை நுழையுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, கால் பின்னால் போய் உட்கார்ந்த பிறகு எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி பம்ப் செய்தால், எழுந்து நின்று பாதம் விரியும்போது இறுக்கம் கூடிவிடும். நின்றபடியே, இரண்டு காலிலும் சம எடையோடு, ஐந்தைந்து அமுக்காக நிறுத்தி நிறுத்தி அடியுங்கள். பை காலின் மேற்புறத்தை எல்லா இடத்திலும் தொட்டதும் இறுக்கம் சட்டென்று மாறுவது தெரியும். அங்கிருந்து இரண்டு மூன்று அமுக்குப் போதும். காலின் மேற்புறத்தில் நாடித்துடிப்பு உணரும்படி இருந்தால், விரல்கள் மரத்தால், அது அதிகம். எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை குனிந்து தடவ வேண்டியதில்லை. இரண்டு காலுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, அது இயல்பு.

பம்ப் செய்யச் செய்ய, பை முழுசாக ஊதியும் கால் உள்ளே ஆடினால், உங்கள் காலுக்கு இந்த ஷூ பெரிது. மாறாக, காற்றே இல்லாமல் ஏற்கனவே இறுக்கமாக இருந்தால் பம்புக்கு வேலையே இல்லை. அதைவிட ஒரு சாதாரண ஷூ வாங்கிக்கொள்ளலாம். காலின் மேற்புறம் உயரமாக எழும்பியிருப்பவர்களுக்கு இரண்டாவது சிக்கல் அடிக்கடி வரும், நுழைப்பதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தட்டைப் பாதம் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். வளைவு தாழும்போது தகடு கீழிருந்து முட்டும், உள்ளே இருக்கும் இன்சோல் அதைப் பெரிதாகத் தணிக்காது. நடுத்தர வளைவும் ஒடுங்கலான காலும் உள்ளவர்களுக்கோ இதைவிட நேர்த்தியாகக் காலைப் பிடிக்கும் ஷூ அரிது. லேஸ் காலைச் சில கோடுகளில் கட்டுகிறது. காற்று பரப்பு முழுவதும் சமமாக அழுத்துகிறது. எங்கும் உறுத்தும் புள்ளி இல்லாத அந்தப் பிடிப்புதான் இந்த வடிவத்தின் மொத்த நியாயம்.

விமானத்தில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மேலே போனதும் கேபினில் காற்றழுத்தம் குறையும், மூடிய பையில் உள்ள காற்று விரியும், ஷூ தானாக இறுகும். கால் வேறு வீங்கும். ஏறி உட்கார்ந்ததும் காற்றை விட்டுவிடுங்கள்.

சௌகரியம் என்றதும் எல்லோரும் மெத்தென்று இருப்பதைச் சொல்கிறார்கள். கடையில் முதல் அடி மெத்தென்று இருப்பது எதையும் சொல்லாது. அங்கே கம்பளம் விரித்திருப்பார்கள். அதை விட்டு இறங்கி, டைல்ஸ் தரையில் பத்து நிமிஷம் அசையாமல் நின்று பாருங்கள். நடக்கும்போது மறைந்திருக்கும் உறுத்தல் நிற்கும்போது வெளியே வரும். படிக்கட்டில் இறங்குங்கள், விரல் மூக்கில் இடித்தால் நீளம் போதாது, அல்லது பிடிப்பு போதாது. ஏறும்போது குதிகால் தூக்கினால் பின்பகுதி உங்களுக்கு அகலம். ஒற்றைக் காலில் நின்று, கணுக்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். கழற்றியதும் சாக்ஸை உருவி, சுண்டுவிரல் ஓரத்திலும் கணுக்கால் எலும்புக்குக் கீழேயும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தே நிமிஷத்தில் சிவந்த இடம் ஒரு முழு நாளில் கொப்புளமாகும்.

இந்தச் சோதனைகளில் ஃப்யூரியின் குணம் தெளிவாகத் தெரியும். குதிகாலில் ஹெக்ஸலைட் என்ற தேன்கூட்டு அறைகள் உள்ள பகுதி இருக்கிறது. அதிர்ச்சியைத் தாங்கும், ஆனால் அமுங்கி மெத்தையாகாது. உறுதியான ஷூ இது. நகரத்தில் ஒரு மாலை நேரம் நடக்க, நிற்க நன்றாக இருக்கும். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவருக்கு முன்பாதம் சலிக்கும். 1994-இல் ஓட்டத்துக்கென்று வந்தாலும், இன்று ஓடுவதற்கு இதை வாங்க வேண்டாம்; இன்றைய ஓட்ட ஃபோம்கள் எங்கோ போய்விட்டன. மெத்தென்றே வேண்டும் என்பவருக்காக, ரீபாக் அடிடாஸிடம் இருந்த காலத்தில் அடிடாஸின் மெத்தென்ற பூஸ்ட் ஃபோம் வைத்த ஃப்யூரி வந்தது. குஷன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் சோல் பருத்து ஷூவின் ஒல்லியான வடிவம் போய்விட்டது.

வியர்வை இதன் பலவீனம், அதை ஒளிக்க முடியாது. காற்றுப் புகாத பைதான் காலைச் சுற்றியிருக்கிறது. பைகளுக்கு இடையில் வெட்டு விட்டு வலைத்துணி தெரிய வைத்திருப்பது அதற்காகத்தான், ஆனாலும் போதாது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பருத்தி சாக்ஸ் நனைந்து அப்படியே இருக்கும், தோல் ஊறும். மெல்லிய செயற்கை இழை சாக்ஸ் போடுங்கள், உட்காரும்போதெல்லாம் காற்றை விட்டுவிடுங்கள், ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள்.

இதே கேள்வியை மற்ற விநோத ஷூக்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். நைக்கி 2017-இல் விட்ட வேப்பர்மேக்ஸில் மேல்பாகத்துக்கும் அடிச்சோலுக்கும் நடுவே வரும் ஃபோம் மிட்சோலே இல்லை, மேல்பாகம் நேராகக் காற்றுக் குமிழ்கள்மேல் உட்கார்ந்திருக்கும். குமிழ்கள் வேலைக்காரப் பாகம்தான். ஆனால் குமிழ்களுக்கு நடுவே சரளைக்கல் சிக்கும், ஒரு குமிழ் குத்துப்பட்டால் ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. 2020-இல் வந்த அடிடாஸ் யீஸி ஃபோம் ரன்னர், ராப் பாடகர் கன்யே வெஸ்டின் யீஸி குழுவில் ஸ்மித் வேலை பார்த்தபோது உருவானது. ஒரே வார்ப்பான இ.வி.ஏ. என்ற லேசான பிளாஸ்டிக் ஃபோம், அதில் ஒரு பங்கு பாசியிலிருந்து எடுத்தது. துளைகள் காற்றோட்டத்துக்கு உண்மையிலேயே உதவுகின்றன, கழுவுவதும் சுலபம். அரை அளவுகள் கிடையாது என்பதால் இடைப்பட்ட அளவுக்காரர் மேலே உள்ள எண்ணை எடுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் இ.வி.ஏ. சுருங்கும். 2019-இன் நைக்கி அடாப்ட் பி.பி.யில் லேஸை மோட்டார் இறுக்கியது, 350 டாலர் விலை. வந்த சில நாட்களிலேயே ஆண்ட்ராய்டு போன் செயலி வழியாகப் போன ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் சிலரது ஷூ இறுக்கவே மறுத்தது. 2024-இல் அதற்கான செயலியையே நைக்கி விலக்கிக்கொண்டது. பொத்தானால் இறுக்குவது மட்டும் மிஞ்சியது. ஃப்யூரியின் பம்புக்குச் சார்ஜும் வேண்டாம், செயலியும் வேண்டாம். வெறும் ரப்பர் உருண்டையும் ஒருவழி வால்வும்தான். இந்த எளிமையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பழைய ஜோடி வாங்குகிறவர்களுக்குக் கடைசியாகச் சில சோதனைகள். பாலியுரிதேன் வகைப் பொருள்கள் காற்றின் ஈரத்தால் உள்ளேயே சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நடக்கும். "ஒருமுறைகூடப் போடாத பழைய ஜோடி" என்ற விளம்பரத்துக்கு இங்கே மதிப்பில்லை. பையின் மேற்பரப்பை விரலால் தடவினால் பிசுபிசுப்பு இருந்தால், மஞ்சளித்து மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். முன் சோலும் குதிகால் சோலும் தகட்டோடு சேரும் இடத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒட்டுப்பசை முதலில் அங்கேதான் விடும். 1994 காலத்து அசல் ஜோடிகள் பார்வைக்கு மட்டும், போட்டு நடக்க அல்ல. நடக்க வேண்டுமானால் அண்மைக்கால மறுபதிப்பை எடுங்கள்.

கசிவு பார்க்க, கால் இல்லாமல் வெறும் ஷூவைப் பம்ப் செய்து ஓர் இரவு வையுங்கள். காலையில் லேசாகத் தளர்ந்திருந்தால் பரவாயில்லை. முழுதாகத் தட்டையாகிவிட்டால், மறுபடி ஊதி, சோப்பு நீரைப் பிரஷால் பம்பைச் சுற்றியும், வால்விலும், பையின் ஒட்டுக் கோடுகளிலும் தடவுங்கள். வால்வில் குமிழ் வந்தால் பல நேரம் தூசிதான் காரணம். வால்வை அழுத்தி அழுத்தி விட்டு, ஈரத்துணியால் துடைத்தால் சரியாகலாம். ஒட்டுக் கோட்டில் குமிழ் வந்தால் அந்தப் பை முடிந்தது. எந்தப் பசையும் அங்கே நிற்காது, ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் மடங்கி விரிகிறது.